ஏரி வண்டலும் குடிமராமத்தும்: முன்னோர் வழக்கத்தில் கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும்

சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்னும் சொற்றொடர் அண்மையில் வழக்கத்திற்கு வந்ததாகும். அதைக் கேட்டறியாத காஞ்சிபுரம் வட்டாரத்துக் குடியானவர்கள் அது கூறும் காரியங்களுள் பலவற்றைத் தங்கள் அன்றாட வேலையாகவே செய்துவந்தனர். அவர்கள் இக்காலத்தவரினும் நல்லெண்ணம் மிகுந்தவர்கள் என்பது அதற்குக் காரணமன்று. கடமை, ஆதாயம், கணக்கு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தமையே காரணமாம். இதனை ஏரியைக்கொண்டு விளக்கலாம்.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பது. ஆகையால் மழைநீரைத் தேக்கியே இப்பகுதியில் நஞ்சை சாகுபடி நடைபெற்று வந்திருக்கிறது. காஞ்சிபுரம் ஜில்லாவில் நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 381 ஏரிகள் உள்ளன. மேலேரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்த நீர் கீழேரிக்குச் செல்லும்படி இவற்றுள் பல சங்கிலிபோல் அமைந்துள்ளன. ஆதலின் ஓர் ஊரார் செய்யும் அசிரத்தை அடுத்த ஊராரையும் பாதிக்கும்.

வண்டல் எடுத்தல்

மழைநீர் மேட்டு நிலங்களிலிருந்து அடித்துவரும் நுண்மண்ணும் மட்கிய இலைதழையும் ஏரியின் அடியில் வண்டலாகப் படியும். கோடையில் ஏரி வற்றியதும் அதனை வெட்டி வண்டிகளில் ஏற்றி வயலில் பரப்புவது பழைய வழக்கம். மணற்பாங்கான நிலத்தில் வண்டல் ஈரத்தை நிறுத்தும்; பயிருக்கு வேண்டிய சத்துக்களையும் ஓரளவு தரும். இவ்விதம் ஒரே உழைப்பினால் வயலுக்கு எருவும் ஏரிக்கு ஆழமும் கிடைத்தன. எருவை நாடிச் சென்றவரே ஏரியைத் தூர் வாரியவருமானார்.

ஏரி வாரியம்

இவ்வேலையை மேற்பார்க்கச் சபையும் இருந்தது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் காணப்படும் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனம், 921-ஆம் வருஷத்தில் குடவோலை முறையால் வாரியங்கள் அமைக்கப்பட்ட விதத்தைக் கூறுகிறது. ஏரி வாரியத்திற்கு அறுவர் ஏற்பட்டனர். அவர்களுடைய பதவிக்காலம் 360 நாட்கள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலையில் இடம்பெறும் தகுதியை இழந்தனர். பொதுச் சொத்தைப் பேணுவதற்கு உபதேசத்தைக் காட்டிலும் கணக்கே உறுதியான காவல் என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர்.

வேடந்தாங்கல்

இப்போது செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த வேடந்தாங்கலில் பறவைகளைக் காத்ததும் இவ்வகையினதே. ஏரி நீரில் நிற்கும் மரங்களில் பறவைகள் கூடு கட்டுவதால் அவற்றின் எச்சம் நீரில் கலக்கிறது. அந்நீர் வயலுக்கு எருவாகிறது. பறவைகளைச் சுட்ட சிப்பாய்களைப்பற்றி ஊரார் முறையிட, கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-இல் அவற்றைக் காக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தார். ஈரநிலங்களைக் காக்க உலக நாடுகள் ஈரானிலுள்ள ராம்சார் நகரில் உடன்படிக்கை செய்துகொண்டது 1971-இல்தான். அவ்வுடன்படிக்கையின் பட்டியலில் வேடந்தாங்கல் 2022-இல் சேர்க்கப்பட்டது.

பழைய முறையின் குறைகள்

இவற்றைக்கொண்டு பழமை யாவும் சிறந்தது என்று முடிவு கட்டலாகாது. உத்திரமேரூர் வாரியத்தில் இடம்பெற வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். நிலமற்றோருக்கு அதில் இடமில்லை. ஆயினும் மண் சுமக்கும் பாரம் பல ஊர்களில் அவர்கள்மீதே விழுந்தது. குடிமராமத்து வேலையை வழக்கப்படி கட்டாயமாக வாங்க 1858-இல் சென்னை இராஜதானியில் சட்டமே இயற்றப்பட்டது. பலன் ஒருவருக்கும் உழைப்பு மற்றொருவருக்கும் என்றான முறை நெடுநாள் நிலைப்பதன்று.

பிற்காலத்தில் கிணறும் மின்சாரப் பம்பும் பெருகவே, நிலச்சுவான்தார் பலருக்கு ஏரியின் தயவு நேராக வேண்டியிராமற் போயிற்று. மூட்டை உரம் வந்தபின் வண்டலுக்கும் மதிப்புக் குறைந்தது. ஆதாயம் அகன்றதும் கடமையும் அகன்றது. வரத்துக் கால்கள் தூர்ந்தன, ஏரி உட்புறங்களில் சீமைக்கருவேல் படர்ந்தது, ஆக்கிரமிப்புகளும் ஏற்பட்டன. கிணற்று நீருக்கு ஊற்று ஏரியே என்பது மறக்கப்பட்டது. 2015-ஆம் வருஷப் பெருமழையில் இவ்வட்டாரத்தில் ஏரிகள் உடைந்து நேர்ந்த நஷ்டம், நீர்வழிகளைப் பேணாமையின் விலையை யாவர்க்கும் உணர்த்திற்று.

இப்போது செய்யத்தக்கவை

2017-இல் சர்க்கார் குடிமராமத்துத் திட்டத்தைக் காஞ்சிபுரம் ஜில்லாவிலுள்ள மணிமங்கலம் ஏரியில் மீண்டும் தொடங்கிற்று. வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுக்கவும் விதிகள் இடந்தருகின்றன. ஏக்கருக்கு நஞ்சைக்கு 75 கனமீட்டரும், புஞ்சைக்கு 90 கனமீட்டரும் என அளவு நிர்ணயிக்கப்பட்டுள்ளது. வண்டல் எடுப்போரும் கிராம உத்தியோகஸ்தரும் பின்வருவனவற்றைக் கவனித்தல் அவசியம்.

முதலாவது, உரிய அனுமதி பெற்று, குறித்துக் காட்டிய இடத்தில் மட்டுமே வெட்டவேண்டும். கரையடியிலும் மதகடியிலும் வெட்டினால் ஏரிக்கு அபாயம் நேரும்.

இரண்டாவது, வண்டலின் கீழுள்ள இறுகிய களிமண் அடுக்கைத் தோண்டி உடைக்கலாகாது. உடைத்தால் தேங்கிய நீர் விரைவில் கீழிறங்கிவிடும்.

மூன்றாவது, ஊர்ச் சாக்கடையோ சாயக் கழிவோ சேரும் ஏரியாயின், மண்ணைப் பரிசோதனை செய்வித்த பின்னரே வயலில் இடவேண்டும். முன்னோர் அறியாத தீங்கு இது. அவர்கள் வழக்கம் மட்டும் இதற்குப் பரிகாரமாகாது.

நான்காவது, எவ்வளவு மண் எடுக்கப்பட்டது, யாருக்குச் சென்றது என்னும் கணக்கைக் கிராம சபையில் படித்துக் காட்டவேண்டும். வேலை செய்வோர்க்குத் தக்க கூலியும் கொடுக்கவேண்டும்.

முன்னோரைப் புகழ்வதனால் மட்டும் ஏரி ஆழமாகாது. அவர்களுடைய கணக்கு முறையைக் கைக்கொண்டு, கட்டாய வேலையைத் தள்ளி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே வேலையை முடிக்கும் ஊரே அடுத்த கோடையிலும் கிணற்றில் நீர் காணும்.