நாமா, நாங்களா? விவிலிய மொழிபெயர்ப்பில் தன்மைப் பன்மையும் பொருள்கோளும்

முன்னுரை

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு குறித்த விவாதங்களுள் பெரும்பகுதி சமயக் கலைச்சொற்களைச் சுற்றியே நிகழ்ந்துள்ளது. பராபரன், தேவன், கடவுள் ஆகியவற்றுள் எது தகும் என்னும் வினா தரங்கம்பாடி அச்சகக் காலந்தொட்டு எழுப்பப்பட்டு வருகிறது. அது தேவையான வினாவே. எனினும், கலைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும் மொழிபெயர்ப்பாளர் தாம் தேர்ந்தெடுப்பதை அறிந்தே செய்கிறார்; வாசகரும் அதனை அறிகிறார். இலக்கணம் வற்புறுத்தும் தேர்வோ இருவர் கண்ணுக்கும் எளிதில் தப்பிவிடுகிறது. அத்தகைய தேர்வுகளுள் ஒன்றான தன்மைப் பன்மை இடப்பெயரை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

கிரேக்கத்தில் 'ஹேமெய்ஸ்', எபிரேயத்தில் 'அனஃக்னு' என்னும் இடப்பெயர்கள் கேட்போரை உட்படுத்துகின்றனவா விலக்குகின்றனவா என்பதைத் தாமே காட்டுவதில்லை. ஆங்கிலமும் செருமானியமும் அவ்வாறே. தமிழோ 'நாம்' என்றோ 'நாங்கள்' என்றோ கூறியாக வேண்டும். மொழிகள் எவற்றைக் கூற இயலும் என்பதில் அன்றி, எவற்றைக் கூறியே ஆகவேண்டும் என்பதிலேயே வேறுபடுகின்றன என்று ரோமன் யாக்கப்சன் 1959இல் முன்வைத்த கருத்துக்கு இதனினும் பொருத்தமான சான்று காண்பது அரிது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதா, பொருளுக்குப் பொருள் பெயர்ப்பதா என்னும் பழைய வழக்கு இங்குப் பயன்படாது. எந்நெறியைப் பின்பற்றுவோரும் இத்தேர்விலிருந்து தப்ப இயலாது.

உளப்பாடு: இலக்கண நிலை

பவணந்தியார் தன்மைப் பன்மை வினைமுற்று விகுதிகளுள் அம், ஆம் என்பன முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரையும் உளப்படுத்தும் என வகுத்தார். இவற்றை முறையே முன்னிலை உளப்பாடு, படர்க்கை உளப்பாடு எனலாம். இன்றைய தமிழில் விகுதிநிலையில் இவ்வேறுபாடு மறைந்துவிட்டது. 'நாம் செல்கிறோம்', 'நாங்கள் செல்கிறோம்' என ஓம் விகுதி இரண்டிற்கும் பொதுவாகியது. வேறுபாடு இடப்பெயரில் மட்டும் எஞ்சியுள்ளது.

இம்மாற்றம் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சிறு புகலிடத்தை அளித்துள்ளது. மாற்கு 4:38இல், புயலில் சிக்கிய சீடர்கள் உறங்கும் இயேசுவை எழுப்பித் தாம் அழியப்போவதைக் கூறுகின்றனர். அழிவோருள் இயேசுவும் ஒருவரா? கிரேக்கத்தில் வினைமுற்று மட்டுமே உள்ளது; இடப்பெயர் இல்லை. 1871இல் வெளிவந்த, ஹென்றி பவரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஐக்கிய மொழிபெயர்ப்பு 'நாங்கள்' என எழுதி இயேசுவை விலக்குகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இடப்பெயரைத் தவிர்த்து, ஓம் விகுதியோடு அமைகிறது. மூலத்தின் ஐயம் அங்கு ஐயமாகவே நிற்கிறது. ஆனால் இப்புகலிடம் எழுவாய்க்கு மட்டுமே உரியது. வேற்றுமையேற்ற வடிவங்களில், அதாவது நம், நமக்கு, எங்கள், எங்களுக்கு என வரும் இடங்களில், சொல்லை விட்டுவிடுதல் தவிர வேறு வழியில்லை. விடுதல் பல இடங்களில் பொருளைச் சிதைக்கும்.

சமாரியப் பெண்ணின் 'தந்தை'

யோவான் நற்செய்தி நான்காம் இயலில் சமாரியப் பெண் ஒருத்தி, யாக்கோபைவிட நீர் பெரியவரோ என இயேசுவை வினவுகிறாள் (4:12). யாக்கோபைத் 'தந்தை' என்று குறிக்கும் அவள், அத்தொடரிலேயே கிணற்றை அவர் தந்ததாகவும் கூறுகிறாள். கிரேக்கத்தில் ஒரே இடப்பெயர் ஆறாம் வேற்றுமையில் ஒருமுறையும் நான்காம் வேற்றுமைப் பொருளில் ஒருமுறையும் வருகிறது. ஐக்கிய மொழிபெயர்ப்பு முதலாவதை 'நம்முடைய' என்றும் இரண்டாவதை 'எங்களுக்கு' என்றும் பிரிக்கிறது. திருவிவிலியம் முதலாவதை 'எம்' என்றும் இரண்டாவதை 'எங்களுக்கு' என்றும் தருகிறது. ஓர் எழுத்தளவே போன்ற இவ்வேறுபாட்டில் யூத, சமாரிய உறவின் வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது.

ஐக்கிய மொழிபெயர்ப்பின் பிரிப்பை வெறும் தடுமாற்றம் எனத் தள்ளிவிட இயலாது. யாக்கோபு தம் மகன் யோசேப்புக்குக் கொடுத்த நிலத்தின் அருகிலேயே இவ்வுரையாடல் நிகழ்வதாக 4:5 கூறுகிறது. சமாரியர் யோசேப்பின் வழிவந்தோராகத் தம்மைக் கருதினர். மூதாதை இரு சாராருக்கும் பொது. கிணறோ யோசேப்பின் மரபினர்க்கு மட்டும் உரியது. இவ்வாறு நோக்கின், 'நம்முடைய', 'எங்களுக்கு' என ஒரே தொடரில் இரண்டும் வருவது நுட்பமான பொருள்கோளாகும்.

அப்பெண் ஒரு யூதரை நோக்கி 'நம் தந்தை' என்று கூறியிருக்கக் கூடுமா? யூத வரலாற்றாசிரியர் யோசேபு இதற்கு ஒரு சான்று தருகிறார். யூதர் செழித்திருக்கும்போது சமாரியர் யோசேப்பின் வழியே உறவு கொண்டாடுவர் என்றும், யூதர் தாழும்போது உறவில்லை என்பர் என்றும் அவர் எழுதுகிறார். அது சமாரியர்பால் காழ்ப்புக் கொண்டவரின் கூற்று, அப்படியே ஏற்பதற்குரியதன்று. ஆயினும் 'நாம்', 'நாங்கள்' ஆகிய இரண்டும் அச்சூழலில் பேசப்படக்கூடிய கூற்றுகளே என்பதற்கு அது போதிய சான்றாகும்.

இக்கட்டுரையாளர் திருவிவிலியத்தின் 'எம்' என்னும் வடிவமே பொருந்துவதாகக் கருதுகிறார். முதற்காரணம் உரையாடலின் போக்கு. 4:9இல் 'நீர் யூதர், நான் சமாரியப் பெண்' என்னும் பிளவோடு பேச்சுத் தொடங்குகிறது. 4:20இல் இம்மலையில் வழிபட்ட முன்னோர் 'எங்கள்' முன்னோர் என்பதில் ஐயமே இல்லை. எதிர்நிலையில் 'நீங்கள்' எருசலேமைக் கூறுகிறீர்கள் என்று அத்தொடரே தொடர்கிறது. கெரிசிம் மலைமேலிருந்த சமாரியர் கோயிலை யூத ஆட்சியாளர் யோவான் இர்க்கானு கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அழித்த நிகழ்வு இவ்வுரையாடலின் பின்புலத்தில் உள்ளது. இவ்விரு முனைகளுக்கும் இடையே 4:12இல் மட்டும் அவள் உறவு பாராட்டுவதாகக் கொள்வது கடினம். இரண்டாம் காரணம் 8:53. அங்கு யூதர், ஆபிரகாமைவிட நீ பெரியவனோ என ஏறத்தாழ அதே வாய்பாட்டில் இயேசுவை வினவுகின்றனர். சற்று முன்னர், 8:48இல், அவரைச் 'சமாரியன்' என இகழ்ந்தவர்களும் அவர்களே. சமாரியப் பெண் அவரை யூதர் என விலக்குகிறாள்; யூதர் அவரைச் சமாரியர் என விலக்குகின்றனர். இரண்டு இடங்களிலும் படர்க்கை உளப்பாட்டைக் கையாண்டால் நற்செய்தியாளர் அமைத்த இணைநிலை தமிழில் துலங்கும். கிரேக்க மூலத்தில்கூட அது அவ்வளவு வெளிப்படையாக இல்லை என்பது வியப்புக்குரியது.

ஆனால் 4:25இல் நிலைமை மாறுகிறது. மெசியா வரும்போது அனைத்தையும் அறிவிப்பார் என்கிறாள் அப்பெண். நமக்கா, எங்களுக்கா? 'நமக்கு' எனின், எதிரில் நிற்பவரையும் மெசியாவை எதிர்நோக்கிக் காத்திருப்போருள் ஒருவராகச் சேர்த்துக்கொள்கிறாள். வழிபாட்டிடம் பற்றிய பூசல் 4:21 முதல் 4:24 வரையிலான இயேசுவின் மறுமொழிக்குப்பின் தளர்ந்துவிட்டதாகும். அதுவரை 'எங்கள்' என்றே பேசிவந்தவள் இவ்விடத்தில் 'நமக்கு' என்றால்தான் தளர்ச்சி புலப்படும். 4:12இலேயே 'நம்முடைய' என்று தந்துவிட்டால் இத்திருப்பத்திற்கு இடமில்லாது போகும்.

பாடபேதமும் பணியுரிமையும்

சில இடங்களில் இலக்கணச் சிக்கலோடு பாடபேதமும் சேர்ந்துகொள்கிறது. பிற்காலக் கிரேக்க ஒலிப்பில் 'ஹேமெய்ஸ்' (நாம்), 'ஹ்யூமெய்ஸ்' (நீங்கள்) ஆகிய இரண்டும் ஒன்றுபோல் ஒலித்தமையால் படியெடுத்தோர் இவற்றை மாற்றி எழுதியது பல இடங்களில் காணப்படுகிறது. 1 யோவான் 1:4இல் சினாய், வத்திக்கான் படிகள் தன்மைப் பன்மையைத் தருகின்றன. ஐக்கிய மொழிபெயர்ப்புக்கு அடிப்படையான மரபுப் பாடம் முன்னிலையைத் தர, அது 'உங்கள்' மகிழ்ச்சி எனப் பெயர்க்கிறது. தொன்மையான பாடத்தை ஏற்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குப் பணி அத்துடன் முடிவதில்லை. மடல் எழுதுவோரின் மகிழ்ச்சியா, எழுதுவோரும் பெறுவோரும் சேர்ந்த மகிழ்ச்சியா என்பதை அவர் மேலும் தீர்மானிக்க வேண்டும்.

திருச்சபையின் அமைப்பையே தொடும் இடம் 2 கொரிந்தியர் 5:18. கடவுள் நம்மை ஒப்புரவாக்கி, ஒப்புரவாக்கும் பணியையும் அளித்தார் என்கிறார் பவுல். கிரேக்கத்தில் ஒரே தொடரில் அதே இடப்பெயர் இருமுறை வருகிறது. ஐக்கிய மொழிபெயர்ப்பு முதலில் 'நம்மை' என்றும் அடுத்து 'எங்களுக்கு' என்றும் பெயர்க்கிறது. அதன்படி, ஒப்புரவு அனைவர்க்கும் உரியது. பணியோ திருத்தூதர்க்கும் அவருடைய உடனுழைப்பாளர்க்கும் உரியது. 'நமக்கு' எனப் பெயர்த்திருப்பின், கொரிந்து நகரின் எளிய நம்பிக்கையாளர் ஒவ்வொருவரும் அப்பணிக்கு உரியவராவர். 5:20இல் பவுல் கொரிந்தியரை நோக்கியே மன்றாடுவதால் அங்கு 'நாங்கள்' என்பது உறுதி. அவ்வுறுதியை மொழிபெயர்ப்பாளர் 5:18 வரை பின்னோக்கி நீட்டியுள்ளனர். 5:17 'யாராயினும்' எனப் பொதுமையில் தொடங்குவதை முன்னிறுத்துவோர் அதே உரிமையோடு 'நமக்கு' என்பதை 5:18க்கு முன்னோக்கி நீட்டலாம். குருத்துவம், பொதுநிலையினர் பணி ஆகியன பற்றித் தமிழ்த் திருச்சபைகளில் இத்தொடரை மேற்கோள் காட்டி வாதிடுவோர், மூலத்தில் இல்லாத ஒரு வரம்பைச் சான்றாகக் காட்டுகின்றனர். ஐக்கிய மொழிபெயர்ப்பின் 'எங்களுக்கு' என்னும் சொல்லுக்கு ஓர் அடிக்குறிப்பு இருந்திருப்பின் அவ்வரம்பு மொழிபெயர்ப்பாளருடையது என்பது தெரிந்திருக்கும்.