ஆட்டக்காரர் ஆட்சிக்கு வரும்போது

விளையாட்டுச் சங்கங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, அரசியல்வாதிகளையும் பணக்காரர்களையும் அனுப்பிவிட்டுக் களத்தில் ஆடியவர்கள் கையில் நிர்வாகத்தைக் கொடுங்கள் என்ற குரல் எழும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அது சரிதானா என்று சோதித்துப் பார்க்க, ஆடியவர்களே நீண்ட காலம் ஆண்ட ஓர் ஆட்டம் நமக்கு வேண்டும். ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் அப்படிப்பட்டது. அதிலும் 1983 முதல் 1996 வரை நியூ சவுத் வேல்ஸ் ரக்பி லீக் சங்கத்தின் பொது மேலாளராக இருந்த ஜான் குவேலின் காலம், இந்தக் கேள்விக்குக் கிடைத்த நல்ல சோதனைக்களம். ஆடிய அனுபவம் ஒருவருக்கு மக்களின் நம்பிக்கையை வாங்கித் தருகிறது. அந்த நம்பிக்கையை அவர் எப்படிச் செலவழிக்கிறார் என்பதை முடிவு செய்வது, அவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான். குவேலின் பதின்மூன்று ஆண்டுகள் எனக்குச் சொல்வது இதைத்தான்.

நம் வாசகர்களுக்கு ரக்பி லீக் பழக்கமில்லாத ஆட்டம். அணிக்கு 13 பேர். பந்தைக் கையில் ஏந்தி முன்னே ஓடலாம், ஆனால் கையால் முன்னோக்கி வீசக் கூடாது. கபடியில் பிடிபட்டவர் வெளியே போய்விடுகிறார். இங்கே பிடிபட்டவர் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடர்கிறார். ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போகும். இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு கூலித் தகராறில்தான். 1895இல் இங்கிலாந்தின் வடபகுதிக் கழகங்கள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடி ரக்பி யூனியனிலிருந்து பிரிந்தன. ஆலையிலும் சுரங்கத்திலும் வேலைக்குப் போகாமல் ஆட வருபவருக்கு இழந்த கூலியை ஈடுகட்ட வேண்டும் என்று அவை கேட்டதே பிரிவுக்குக் காரணம். சிட்னியில் 1907இல் இதே குறையை முன்வைத்துச் சங்கம் தொடங்கியபோது அதன் பொருளாளராக இருந்தவர் விக்டர் டிரம்பர். கிரிக்கெட் ரசிகர்கள் கொண்டாடும் அதே டிரம்பர்தான். கணக்கு வழக்கில் எழுந்த புகாரால் 1909இல் அவரும் உடன் நிறுவிய இருவரும் பொறுப்பிலிருந்து இறக்கப்பட்டார்கள். புகழ் பெற்ற ஆட்டக்காரர் நிர்வாகத்தில் சறுக்குவது இந்த ஆட்டத்தின் பிறப்போடு வந்த கதை.

குவேல் முன்களத்தில் ஆடியவர். ஈஸ்டர்ன் சபர்ப்ஸ், பாரமட்டா ஆகிய கழகங்களுக்கு ஆடினார்; 1975 உலகக் கோப்பைத் தொடரில் ஆஸ்திரேலியாவுக்கும் ஆடினார். பெரிய நட்சத்திரம் என்று சொல்ல முடியாது. நிர்வாகத்துக்கு அவர் வந்த நேரம் மோசமானது. 1983இல் ஏபிசி தொலைக்காட்சியின் புலனாய்வு நிகழ்ச்சி ஒன்று, சங்கத் தலைவர் கெவின் ஹம்ஃப்ரீஸ் மீதிருந்த மோசடி வழக்கு முன்பு தள்ளுபடியான விதத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. விசாரணை ஆணையம் அமைந்தது. ஹம்ஃப்ரீஸ் மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டார்; வழக்கில் தலையிட்ட தலைமை மாஜிஸ்திரேட் முரே ஃபார்குஹர் சிறைக்கே போனார். இந்த ஹம்ஃப்ரீஸும் பால்மெயின் கழகத்தின் முன்னாள் ஆட்டக்காரர்தான். இன்று ஆஸ்திரேலியாவையே உலுக்கும், மாநிலங்களுக்கிடையிலான ஸ்டேட் ஆஃப் ஒரிஜின் போட்டியை 1980இல் கொண்டுவந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. திறமை இருந்தது, ஆடிய அனுபவமும் இருந்தது. கணக்குக் கேட்கும் அமைப்புத்தான் இல்லை.

ஹம்ஃப்ரீஸ் போன பிறகு, கழகப் பிரதிநிதிகள் கூட்டமாக உட்கார்ந்து முடிவெடுத்த பழைய குழுவைக் கலைத்து, சங்கத்தை முறையான நிறுவனமாகப் பதிவு செய்து, சிறிய இயக்குநர் குழு ஒன்றின் கையில் கொடுத்தார்கள். மேன்லி கழகத்தின் கென் ஆர்தர்சன் தலைவர், குவேல் பொது மேலாளர். ஆர்தர்சனும் பழைய ஆட்டக்காரர். இந்த இருவரும் எடுத்த கடினமான முடிவுகளை வெளியிலிருந்து வந்த ஒரு கணக்காளரால் எடுத்திருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே. கடனில் மூழ்கிய நியூடவுன் கழகம் 1983 பருவத்தோடு வெளியேறியது. வெஸ்டர்ன் சபர்ப்ஸை 1985 தொடரிலிருந்து நீக்கச் சங்கம் எடுத்த முடிவு உயர்மட்ட நீதிமன்றம் வரை போனது. சங்கத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்றே தீர்ப்பு வந்தது. ஆனாலும் அந்தக் கழகம் தொடரில் நீடித்து, 1987இல் மக்கள் பெருகிவந்த கேம்பல்டவுனுக்கு இடம் பெயர்ந்து பிழைத்துக்கொண்டது. 1988இல் பிரிஸ்பேன், நியூகாசில், கோல்டு கோஸ்ட் அணிகள் சேர்ந்தன. அதே ஆண்டில் பெரிய ஆட்டங்கள் சிட்னி கிரிக்கெட் மைதானத்திலிருந்து, செவ்வக ஆடுகளத்துக்கென்றே கட்டிய புதிய சிட்னி ஃபுட்பால் ஸ்டேடியத்துக்கு மாறின.

விளம்பரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஆட்டம் என்றால் அடிதடி, பார்வையாளர் என்றால் பீர் குடிக்கும் ஆண்கள் என்ற படிமத்தை உடைக்க, 1989இல் அமெரிக்கப் பாடகி டினா டர்னரை அழைத்து வந்தார்கள். மோதல் காட்சிகளை ஓரம்கட்டி, வீரர்களின் உடற்பயிற்சியையும் வியர்வையையும் ஓட்டத்தையும் அவருடைய குரலோடு கோத்தார்கள். மறு ஆண்டு 'தி பெஸ்ட்' பாடல் வந்தது. வயதில் ஐம்பதைத் தொட்ட வெளிநாட்டுக் கறுப்பினப் பெண்மணி, சிட்னித் தொழிலாளர் வட்டாரத்து ஆட்டத்துக்கு முகமாவதா என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். பெண்களும் குடும்பங்களும் இந்த ஆட்டத்தைத் திரும்பிப் பார்த்ததில் அந்த விளம்பரத்துக்குப் பெரும் பங்குண்டு. தைரியமான முடிவு அது. குவேலுக்கு அதற்கான பாராட்டு முழுவதும் சேர வேண்டும். ஆனால் அதே ஆண்டுகளில் கோப்பையின் பெயர் வின்ஃபீல்டு, ஒரு சிகரெட்டின் பெயர். புகையிலை விளம்பரத் தடைச் சட்டம் வந்த பிறகே, 1995 பருவத்தோடு அந்தப் பெயர் மறைந்தது.

இனி வீரர்கள் விஷயத்துக்கு வருவோம். ஆடியவர் ஆட்சிக்கு வந்தால் ஆடுபவருக்கு நியாயம் கிடைக்கும் என்பதுதானே வாதம்? 1990இல் சங்கம் கழகங்களின் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. பணக்காரக் கழகங்களே எல்லாரையும் வாங்கிவிடாமல் தடுக்க அது தேவைதான். அதோடு நிற்காமல் டிராஃப்ட் என்ற ஒதுக்கீட்டு முறையையும் புகுத்தினார்கள். ஒப்பந்தம் முடிந்து கழகம் மாற விரும்பும் வீரர் தன் பெயரைப் பட்டியலில் கொடுக்க வேண்டும். புள்ளி அட்டவணையில் கடைசியில் நின்ற அணி முதலில் தேர்ந்தெடுக்கும். யார் எடுக்கிறார்களோ அங்கேதான் அவர் ஆட வேண்டும். டெரி ஹில் என்ற இளைஞர் வெஸ்டர்ன் சபர்ப்ஸுக்குப் போக விரும்பினார். அவரை எடுத்ததோ ஈஸ்டர்ன் சபர்ப்ஸ். வீரர்கள் திரண்டு வழக்குப் போட்டார்கள். முதல் நீதிபதி சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில், 1991இல் ஃபெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு, இது தொழில் செய்யும் உரிமையை அளவுக்கு மீறிக் கட்டுப்படுத்துகிறது என்று டிராஃப்டை ரத்து செய்தது. உழைப்பவரின் கூலிக்காகப் பிறந்த ஆட்டத்தில், முன்னாள் வீரர்கள் நடத்திய சங்கத்திடமிருந்து தன் வேலையிடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வீரர் நீதிமன்றம் போய் வாங்க வேண்டியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு நாற்காலியின் கவலைகளே பெரிதாகிவிடும். மனிதர் கெட்டவர் என்பதால் நேர்வதல்ல இது. இருபது ஆண்டுக்கு முன் நாம் பட்ட பாட்டை இன்றைய பாடாக நினைப்பது எல்லாருக்கும் வருவதுதான்.

பெரிய அடி 1995இல் விழுந்தது. கட்டணத் தொலைக்காட்சி ஆஸ்திரேலியாவில் காலூன்றிய காலம். ரக்பி லீக் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்குச் சந்தாதாரர் கிடைப்பார்கள். ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் நிறுவனம் சூப்பர் லீக் என்ற போட்டித் தொடரைத் தொடங்கி, இரவோடிரவாக வீரர்களிடம் கையெழுத்து வாங்கியது. தொலைக்காட்சி அதிபர் கெர்ரி பாக்கரின் ஆதரவோடு குவேலும் ஆர்தர்சனும் எதிர்த்தார்கள். 1996 தொடக்கத்தில் நீதிமன்றத்தில் வென்று, அக்டோபரில் மேல்முறையீட்டில் தோற்றார்கள். அந்த ஆண்டே குவேல் விலகினார். 1997இல் ஒரே நாட்டில் இரண்டு தொடர்கள், இரண்டு சாம்பியன்கள். மறு ஆண்டு சமரசத்தில் என்ஆர்எல் என்ற தேசிய ரக்பி லீக் பிறந்தது.

இதற்குக் குவேல் என்ன செய்வார், இரண்டு கோடீஸ்வரர்களின் சண்டையில் ஆட்டம் நசுங்கியது என்று வாதிடுபவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை. தொலைக்காட்சிப் பணம் இல்லாமல் அந்தப் போர் மூண்டிருக்காது. ஆனால் முர்டாக் தட்டியதும் கதவு ஏன் அவ்வளவு எளிதாகத் திறந்தது? முதலில் திறந்தது பிரிஸ்பேன். ஆட்டம் நாடு முழுக்கப் பரவியும் அதிகாரம் சிட்னியிலேயே தங்கிவிட்டது என்ற மனக்குறை அங்கே ஆண்டுக்கணக்கில் புகைந்தது. சிட்னியில் கழகங்கள் அதிகம், மொத்த அணிகளை 14 ஆகக் குறையுங்கள் என்று 1992இல் சங்கமே கேட்டு வாங்கிய பிராட்லி அறிக்கை பரிந்துரைத்தது. யாரையும் குறைக்காமல், 1995இல் அணிகளை 20 ஆக உயர்த்தினார்கள். சொந்தக் கழகங்களின் மனத்தாங்கலுக்கு அஞ்சித் தள்ளிப்போட்ட வேலையைப் பின்னர் நியூஸ் நிறுவனம் பங்காளியாக இருந்த என்ஆர்எல் செய்தது. அப்படித்தான் 1999 முடிவில் சவுத் சிட்னி வெளியே தள்ளப்பட்டு, மக்கள் தெருவில் இறங்கிப் போராடி, 2002இல் திரும்பி வந்தது.

எதிர்த்தரப்பைப் பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். சூப்பர் லீக்கின் தலைமை நிர்வாகி ஜான் ரைபாட், ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய விங் வீரர். குவேலுக்குப் பின் வந்து, சமரசத்துக்குப் பிறகு என்ஆர்எல்லின் முதல் தலைமை நிர்வாகியான நீல் விட்டக்கர், பால்மெயினுக்கு ஆடியவர். போரைத் தொடங்கியவர், எதிர்த்தவர், முடித்தவர் எல்லாரும் முன்னாள் வீரர்களே. அப்படியானால் ஆடிய அனுபவத்துக்குப் பயனே இல்லையா? உண்டு. கேம்பல்டவுன் இடமாற்றத்தையும் டினா டர்னரையும் ரசிகர்கள் ஏற்றுக்கொண்டதற்கு, சொன்னவர் தம்மவர் என்ற எண்ணமும் ஒரு காரணம். விலகிய பின் சிட்னி 2000 ஒலிம்பிக் ஏற்பாட்டுப் பணிக்குக் குவேல் போனதும் அவருடைய நிர்வாகத் திறமைக்குச் சான்று. ஆனால் அந்த அனுபவம் பிறர் கேள்வி கேட்பதற்கு மாற்று ஆகாது.

2012இல் ஆஸ்திரேலியா இதற்கு ஒரு விடை தேடியது. கழகங்களோடு ஒட்டில்லாத எட்டு பேர் கொண்ட சுயேச்சை ஆணையத்திடம் ஆட்டம் ஒப்படைக்கப்பட்டது. முதல் தலைவர் ஜான் கிராண்ட், 1972 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு ஆடியவர், பிறகு கணினித் தொழிலில் நிறுவனம் நடத்தியவர். முன்னாள் வீரர் இம்முறையும் தலைமையில் இருந்தார், ஆனால் அவர் மட்டும் முடிவு செய்ய முடியாத அமைப்பில் இருந்தார். ஹம்ஃப்ரீஸ் காலத்தை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த ஆணையத்தை அமைத்தபோதும் வாக்கு மாநிலச் சங்கங்களுக்கும் கழகங்களுக்கும் ஆணையர்களுக்குமே போனது. களத்தில் அடிபடும் வீரர்களின் சங்கத்துக்கு வாக்கு தரப்படவில்லை. டிராஃப்ட் வழக்கு எழுப்பிய கேள்விக்கு அந்த இடத்தில் இன்னும் பதில் வரவில்லை.