பாடு அறியாத வரைபடம்

பழவேற்காடு ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதற்குத் தலைமுறை தலைமுறையாக ஒரு திட்டம் உண்டு. அதற்குப் பெயர் பாடு. பட்டினவர் சமூகத்து மீனவர்கள் ஏரியின் மீன்பிடி இடங்களைத் தங்களுக்குள் பங்கிட்டு, முறைவைத்துத் தொழில் செய்கிறார்கள். ஏரியில் வளர்ந்த இறால் முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். அந்த வழியில் வலை கட்டியவருக்கு வரும்படி அதிகம். உள்ளே தள்ளிப் போனவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால் இன்று நல்ல இடம் பெற்றவர் அடுத்த முறையில் பிறருக்கு வழிவிட வேண்டும். செபாஸ்டியன் மேத்யூ இந்த ஏற்பாட்டை ஆராய்ந்து எழுதியதை ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1991இல் வெளியிட்டது. பொதுவளங்களை மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று நிறுவிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அவர் பேசியது இத்தகைய ஏற்பாடுகளைப் பற்றித்தான். பாடு இடத்தோடு சேர்த்து நீரோட்டத்தையும் மீனின் நடமாட்டத்தையும் பருவத்தையும் கணக்கில் எடுக்கிறது. அரசின் நிலப்பயன்பாட்டு வரைபடம் சர்வே எண்ணோடு நின்றுவிடுகிறது. ஏரியை ஒட்டிய மீஞ்சூர் வட்டாரம் அரை நூற்றாண்டாகப் பட்ட இழப்புகளில் பெரும்பகுதி இந்தக் குறையிலிருந்து வந்ததென்றே நான் கருதுகிறேன்.

மீஞ்சூரின் நிலத்தடி நீரை எடுத்துக்கொள்ளுங்கள். 1966 முதல் 1969 வரை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வு, ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஏராளமான நன்னீர் இருப்பதைக் காட்டியது. சென்னையின் தேவைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் அங்கிருந்து நீர் இறைக்கப்பட்டது. மேலே வயலாகவும் தோட்டமாகவும் இருந்த நிலத்துக்கு அடியில் கடலும் நன்னீரும் ஒன்றையொன்று தாங்கி நின்ற சமநிலை எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்புநீர், எண்பதுகளின் இறுதிக்குள் சுமார் 9 கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கிணற்று நீர் கரித்தது, பயிர் முறை மாறியது. 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. இயற்கை இலவசமாகத் தேக்கி வைத்திருந்த நீரை இழந்த வட்டாரத்திலேயே, மின்சாரம் செலவழித்து நன்னீர் தயாரிக்க வேண்டியதாயிற்று.

மணலின் கதையும் இதுதான். தமிழகத்தின் வடகரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. இடையில் அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகன்றதும், ராயபுரம், காசிமேடு கரை கரைந்ததும் இதனால்தான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்தில் கடலைத் தூர்த்து உருவாக்கும் நிலமும் அடக்கம். அதன் வடக்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டில் மீனவக் குப்பங்கள் இருக்கின்றன. திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு, இரண்டு முறையும் தள்ளிவைக்கப்பட்டது. அந்த மக்களின் எதிர்ப்பை வளர்ச்சிக்கு எதிரான பிடிவாதம் என்று ஒதுக்குவது தவறு. மணல் எந்தப் பக்கம் போகும் என்பதை அன்றாடம் கண்ணால் பார்ப்பவர்கள் அவர்கள்.

துறைமுகம் நாட்டுக்கு வேண்டும், வேலைவாய்ப்பு வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். ஆனால் ஒரு திட்டத்தின் கணக்கில் வரவை மட்டும் எழுதி, உப்பான கிணற்றையும் அரித்த கரையையும் வேறொருவர் தலையில் கட்டினால் அது கணக்கே ஆகாது. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது: பாடு சாதி சார்ந்தது, எல்லோருக்கும் இடமளிப்பதில்லை. இது உண்மை. சாரா கூல்தார்ட் 2008இல் வெளியிட்ட ஆய்வு, பாட்டுக்குள் இருப்பவருக்கும் வெளியே நிற்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வைப் பேசுகிறது. இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட பறிக்குள் போடும் இருளர் பெண்ணுக்குப் பாட்டில் பங்கில்லை. ஆகவே பாட்டை அப்படியே சட்டமாக்கச் சொல்வது நியாயமல்ல. அதிலுள்ள நுட்பமான அறிவை எடுத்துக்கொண்டு, அது விட்டவர்களையும் சேர்க்க வேண்டும். வரைபடத்தில் பாட்டு இடமும் வேண்டும், பறியோடு இறங்கும் கழியும் வேண்டும். இரண்டுமே இல்லாத வரைபடத்தால் முதலில் அடிபடுவது அந்த இருளர் பெண்தான்.

இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. மீனவக் கிராமங்கள், மீன் உலர்த்தும் இடங்கள், பொதுச்சொத்துகள் ஆகியவற்றைக் கிராம அளவிலான வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொல்லியிருக்கிறது. நீர்ப்பரப்பிலுள்ள மீன்பிடிப் பகுதிகளையும் குறிக்கச் சொன்னது. சென்னைப் பெருநகருக்கு மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகும் காலம் இது. நில அளவையரும் நீரியல் ஆய்வாளரும் குப்பத்துப் பஞ்சாயத்தாரோடும் இருளர் குடியிருப்புப் பெண்களோடும் ஒரே படகில் போய், எந்தப் பருவத்தில் எந்தக் கழியில் என்ன கிடைக்கிறது என்று குறித்து வரட்டும். நிலத்துக்கு வண்ணம் பூசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.