பைலாவுக்கு ஆடுங்கள், சீனியையும் கவனியுங்கள்

ஹரோவில் எம்மவரின் கலியாண வீடோ பிறந்தநாளோ, சாப்பாடு முடிந்ததும் கீபோர்ட்காரர் பைலாத் தாளத்தைத் தொடங்கிவிடுவார். முழங்கால் நோவென்று அதுவரை கதிரையை விட்டு எழும்பாத மாமிமாரும் எழும்பி வந்துவிடுவார்கள். "நடவுங்கோ" என்று நாங்கள் வருடக்கணக்காகச் சொல்லியும் நடக்காதவர்கள்தான் இவர்கள்!

போர்த்துக்கேயர் வழியாக இலங்கைக்கு வந்த தாளம் இது. 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் போன்றவர்கள் தமிழில் பொப்பிசை பாடத் தொடங்கினார்கள். 'சின்ன மாமியே' அப்படி வந்த பாட்டுத்தான். 2018இல் மறைந்த ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' தமிழகத்தையும் ஆடவைத்தது. ஆடப் பழகத் தேவையில்லை; கிற்றாரில் நாலு கோட்ஸ் தெரிந்த பிள்ளையும் சேர்ந்து வாசிக்கலாம். இந்தப் பாட்டுகள் பழசாகாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறோம்.

வைத்தியர்களாகிய எங்களுக்கும் இதில் சந்தோஷந்தான். வாரத்துக்கு 150 நிமிடம் ஓரளவு மூச்சு வாங்கும் அசைவு வேண்டும். ஆடும்போது பேச முடிந்து, பாட முடியாமல் இருந்தால் அளவு சரி. கலியாண வீட்டுக்குக் காத்திராமல் வீட்டிலேயே தினமும் நாலைந்து பாட்டுக்கு ஆடலாம். நெஞ்சு இறுக்கம் வந்தால் உடனே நிறுத்துங்கள். சில நிமிடத்தில் குறையாவிட்டால் 999.

சலரோகத்துக்கு இன்சுலினோ கிளிக்கிளசைட்டோ எடுப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டும். மண்டபத்தில் சாப்பாடு பிந்தும், ஆட்டமோ முந்திவிடும். இரத்தத்தில் சீனி 4க்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், குழறிய பேச்சு வரலாம். பார்ப்பவர்கள் "ஐயா கொஞ்சம் கூடப் போட்டுவிட்டார்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சிரிப்புத்தான் ஆபத்து. உடனே 150 முதல் 200 மில்லிலீற்றர் பழச்சாறு கொடுங்கள். டயற் கோக் உதவாது. 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல், பக்கவாட்டில் படுக்கவைத்து 999 அழையுங்கள். வெறும் வயிற்றில் மதுவும் ஆட்டமும் சேர்ந்தால், வீடு போய்ப் படுத்த பிறகும் சீனி இறங்கலாம்.

இசைக்குழுத் தம்பிமாருக்கும் ஒன்று: நிகழ்ச்சிக்கு அடுத்த நாளும் காதில் இரைச்சல் கேட்டால், ஸ்பீக்கரைச் சற்றுத் தள்ளி வைத்து, காதடைப்பான் போட்டு வாசியுங்கள்.