மறதி நோயும் கீட்டோன் உணவும்: எலி ஆய்வுகள் கூறுவது என்ன?

முதுமை வந்தால் மறதியும் உடன்வரும் என்று சொல்லி, அதனைப் பொருட்படுத்தாது விடுவது நம் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். ஆனால் மறதி நோய் முதுமையின் இயல்பன்று. மூளையைப் பற்றும் நோயே ஆகும். 2023ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர். மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். இதனை 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் முதன்முதலில் விவரித்தார். இதனை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை.

எனவே, உணவை மாற்றி நோயைத் தணிக்க இயலுமா என்ற கேள்வி எழுவது இயற்கையே. மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பை மிகுத்து உண்ணும் கீட்டோன் உணவு முறை இதற்கு விடையாகக் கூறப்படுகின்றது. சான்றாகக் காட்டப்படுபவை பெரும்பாலும் எலிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளே. அவை எதனை மெய்ப்பித்துள்ளன, எதனை மெய்ப்பிக்கவில்லை என்பதை அறிதல் அவசியம்.

மூளையின் எரிபொருள்

மனித மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 விழுக்காடுதான். ஆயினும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது பெறுகிறது. இதற்கு அதன் வழக்கமான எரிபொருள் குளுகோஸ். மாவுச்சத்து கிடைக்காதபோது கல்லீரல் கொழுப்பைச் சிதைத்துக் கீட்டோன்கள் எனும் பொருள்களை உண்டாக்குகிறது. நெடுநாள் பட்டினியில் மூளை தன் தேவையில் பெரும்பகுதியை இவற்றிலிருந்தே பெறுகிறது என்பதை 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கேஹிலும் அவருடைய குழுவினரும் நிறுவினர். அதற்கு முன்பே, 1921இல், பட்டினியின் பயனை உணவின் மூலமே பெறும் நோக்குடன் மேயோ மருத்துவமனையின் ரசல் வைல்டர் இவ்வுணவு முறையை வலிப்பு நோய்க்குப் பரிந்துரைத்தார்.

அல்சைமர் நோயாளிகளின் மூளையில் குளுகோசைப் பயன்படுத்தும் திறன் குன்றுகிறது. ஆனால் கீட்டோன்களை ஏற்கும் திறன் பெரிதும் குறைவதில்லை எனக் கனடாவில் ஷெர்புரூக் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டின. ஒரு வாயில் அடைபடும்போது மற்றொரு வாயில் வழியே மூளைக்கு உணவூட்டலாம் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

எலிக்கு இந்நோய் வருவது எப்படி?

சுண்டெலிகளுக்கு இயற்கையில் அல்சைமர் நோய் வருவதில்லை. மனிதக் குடும்பங்கள் சிலவற்றில் பரம்பரையாக இந்நோயை உண்டாக்கும் பழுதுற்ற மரபணுவை எலியினுள் புகுத்தியே ஆய்வாளர்கள் இதனை உருவாக்குகின்றனர். மூளையில் அமிலாய்டு எனும் புரதப் படிவுகள் தெளிவாகத் தோன்றிய எலி வகை 1995இல் கிடைத்தது. டௌ எனும் மற்றொரு புரதம் சிக்கலாகத் திரளும் எலி வகைகளும் பின்னர் உருவாயின.

ஆய்வுகள் கண்டவை

2005இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய எலிகளுக்கு 43 நாட்கள் கீட்டோன் உணவு அளிக்கப்பட்டது. மூளையில் கரையும் நிலையிலிருந்த அமிலாய்டு ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தது, நினைவாற்றல் மேம்படவில்லை. 2013இல் வெளியான மற்றோர் ஆய்வு, அமிலாய்டு எலிகள், டௌ எலிகள் ஆகிய இரு வகைகளையும் சோதித்தது. சுழலும் உருளையின்மேல் நிலைகொள்ளும் திறன் இரண்டிலும் உயர்ந்தது. ஆனால் படிவுகளும் குறையவில்லை, நினைவும் திருந்தவில்லை. 2024இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழுவினர் எலிகளுக்கு ஏழு மாதங்கள் இவ்வுணவை அளித்தனர். இரத்தத்தில் முக்கியக் கீட்டோனின் அளவு சுமார் ஏழு மடங்கு உயர்ந்தது. நினைவுக்கு அடிப்படையான, நரம்பணுக்களிடையே தொடர்பு வலுப்பெறும் திறன் மீண்டது. அப்போதும் அமிலாய்டு குறையவில்லை.

இம்முடிவுகளை ஒருங்கே நோக்கினால் ஒன்று புலனாகும். கீட்டோன் உணவு நோயின் படிவுகளைத் துடைத்தெடுக்கும் மருந்தென இவை காட்டவில்லை. நலிந்த நரம்பணுக்களுக்கு ஆற்றல் தந்து அவற்றின் பணியைச் சற்றுத் தாங்கிப் பிடிக்கிறது எனக் கருதவே இடமுண்டு. கீட்டோன்கள் அழற்சியைத் தணிக்கும் என்று 2015இல் வெளியான ஆய்வும் இக்கருத்துக்குத் துணைநிற்கிறது.

மனிதருக்குப் பொருந்துமா?

எலியின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். அதன் உணவை அளந்து அளிப்பவர் ஆய்வாளர். மனிதரிடம் நோய் பல ஆண்டுகள் மறைந்திருந்து வளர்கிறது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் பரம்பரை மரபணுப் பழுது காரணமன்று. 2021இல் நியூசிலாந்தில் 26 நோயாளிகளிடம் 12 வார கால அளவில் இவ்வுணவு சோதிக்கப்பட்டது. அன்றாடச் செயல்திறனும் வாழ்க்கை நலமும் மேம்பட்டன. அறிவுத்திறன் தேர்வில் உறுதியான முன்னேற்றம் காணப்படவில்லை. இது நம்பிக்கை தரும் தொடக்கமே தவிர, தீர்ப்பு அன்று.

இந்தியரின் உணவாற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025இல் வெளியான தேசிய ஆய்வு கூறுகின்றது. அத்தகைய உணவில் ஊறிய முதியவரைத் திடீரெனக் கொழுப்புணவுக்கு மாற்றினால் எடை குறையலாம். சிறுநீரகக் கல் தோன்றலாம். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவருக்கு ஆபத்தும் நேரலாம். எனவே மருத்துவரின் மேற்பார்வையின்றி இதனைத் தொடங்குதல் கூடாது.

நாம் செய்யத்தக்கவை வேறு உண்டு. இரத்த அழுத்தம், நீரிழிவு, செவித்திறன் குறைவு, கல்வியின்மை, உடலுழைப்பின்மை உள்ளிட்ட 14 காரணங்களைக் களைந்தால், மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என 2024இல் லான்செட் இதழின் வல்லுநர் குழு மதிப்பிட்டது. இரத்த அழுத்தத்தை அளத்தல், சர்க்கரையைச் சோதித்தல், கேளாத செவிக்குக் கருவி அளித்தல் ஆகிய எளிய பணிகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே தொடங்கத் தக்கவை. எலி ஆய்வுகள் தம் பணியைத் தொடரட்டும். அவற்றின் முடிவு மனிதரிடம் உறுதிப்படும்வரை, முதியோரின் உணவுத் தட்டைச் சோதனைக் களமாக்காதிருப்பதே அறிவுடைமை.