இரண்டாவது திரை ஏன் வரவில்லை?

இந்த லேப்டாப்பில் இரண்டு மானிட்டர் மாட்டலாம் என்று கடையில் சொல்லி விற்பார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் ஒன்றில் மட்டும் படம் வரும், அல்லது இரண்டிலும் ஒரே படம் வரும். கேபிள் சரியில்லை என்று இன்னொரு கேபிள், அதற்குப் பிறகு ஒரு ஹப் என்று பணம் கரைந்துகொண்டே போகும். வாலிநோக்கம் போன்ற கடற்கரை ஊரில் இருப்பவருக்கு இதில் கூடுதல் நஷ்டம். பொருளை மாற்ற ராமநாதபுரத்துக்கு பஸ் ஏற வேண்டும். அன்றைய வேலையும் கெடும்.

எத்தனை மானிட்டர் என்பதை முடிவு செய்வது லேப்டாப்புக்குள் இருக்கும் சிப். வெளியே தெரியும் போர்ட்டுகளை எண்ணிக் கணக்குப் போட முடியாது. 2020-ல் வந்த ஆப்பிள் எம்1 மேக்புக் ஏரில் டைப்-சி போர்ட் இரண்டு உண்டு, ஆனால் வெளி மானிட்டர் ஒன்றுதான். எம்2 ஏரிலும் அதே கதை. 2024-ல் வந்த எம்3 ஏரில் மூடியை மூடி வைத்தால் இரண்டு. 2025-ன் எம்4 ஏரில்தான் மூடி திறந்தபடியே இரண்டு மாட்ட முடிந்தது. விண்டோஸ் லேப்டாப்பில் வேறு சிக்கல். டைப்-சி போர்ட் எல்லாமே படம் அனுப்பாது. சார்ஜும் டேட்டாவும் மட்டும் தருபவை நிறைய. 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' அல்லது 'தண்டர்போல்ட்' என்று அந்த மாடலின் விவரப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹெச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் வாங்கி ஏமாறுபவர்கள் அதிகம். அது ஒரே படத்தை இரண்டாக நகலெடுக்கும், தனித்தனிப் படம் தராது.

குறை சொல்வதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். விண்டோஸ் பொத்தானையும் 'பி'யையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் 'டூப்ளிகேட்' தேர்வாகியிருந்தால் 'எக்ஸ்டெண்ட்' என்று மாற்ற வேண்டும். இ-சேவை மையம் வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். விண்ணப்பதாரர் பக்கம் ஒரு திரையைத் திருப்பி வைத்தால் தன் பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று அவரே பார்த்துச் சொல்வார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'டூப்ளிகேட்'டில் விட்டால் முந்தைய ஆளின் ஆதார் எண்ணும் அவர் கண்ணில் படும்.

இனி உரிமை. கடைக்காரர் எந்த விதத்தில் உறுதி சொல்லியிருந்தாலும் பொருள் அதற்குக் குறைவாக இருந்தால் அது குறைபாடுதான் என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வாய்ச்சொல்லை நிரூபிப்பதுதான் கஷ்டம். அதனால் 'இந்த மாடலில் இரண்டு வெளி மானிட்டர் தனித்தனியாக வருமா?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதில் வாங்குங்கள், அல்லது பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். பில் தராமல் விற்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற போர்டைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். அதே நேரம், ஒரு மானிட்டர்தான் என்று நிறுவனம் தன் விவரப் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்து, கடையிலும் யாரும் மாற்றிச் சொல்லவில்லை என்றால் வழக்கு நிற்காது.

ஆன்லைனில் வாங்கினால் 2020-ன் மின்வணிக விதிகள் துணைக்கு வரும். விளம்பரத்தில் சொன்ன வசதி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் சென்னையிலோ டெல்லியிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். 5 லட்ச ரூபாய் வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. 'கடைக்காக வாங்கினாய், நீ நுகர்வோர் இல்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலுக்கென்று வாங்கியவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே.

உப்புக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாலிநோக்கம் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள் இருக்கும் ஊர். ஜன்னலோரம் திறந்தே தொங்கும் ஹப்பின் உலோக முனையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் அது அரிப்பு. அதோடு செருகினால் படம் விட்டுவிட்டு வரும், லேப்டாப் போர்ட்டும் கெடும். பயன்படுத்தாத கேபிள்களை மூடிய டப்பாவில் வையுங்கள். எர்த் இன்னொரு கவலை. லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் சுர்ரென்று இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கம் வேண்டாம். இரண்டு மானிட்டரையும் எர்த் உள்ள ஒரே போர்டில் இணைத்து, ஸ்விட்சை அணைத்த பிறகே ஹெச்டிஎம்ஐ-யைச் செருகுங்கள். அடாப்டரிலும் மானிட்டரிலும் பிஐஎஸ்-ஸின் 'ஆர்' பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைத் தட்டிப் பார்த்தால் உண்மையானதா என்று தெரிந்துவிடும்.

போர்ட் கெட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனால், 'அரிப்பு, வாரண்டி கிடையாது' என்று கையை விரிக்கலாம். எந்தப் பாகத்தில் அரிப்பு, வாரண்டியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள் என்பதை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள், புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும். அந்த ஜாப் ஷீட், பில், வாட்ஸ்அப் பதில் மூன்றும் கையில் இருந்தால் மனுவை நீங்களே எழுதிவிடலாம்.