குகைக்குள் காற்று அடிக்குமா?

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் சுண்ணாம்புப் பாறை நிலத்தோற்றங்கள் வரும் பகுதியைப் பல ஆண்டுகளாக ஒரே மாதிரிதான் நடத்திவந்தேன். "கூரையிலிருந்து சொட்டும் நீர் காய்ந்துபோகிறது. அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு மட்டும் தங்கி, கல்விழுதாகத் தொங்குகிறது. நம்ம மரக்காணம் உப்பளத்தில் தண்ணீர் வற்றி உப்பு விளைவது போல" என்பேன். இடையஞ்சாவடிப் பிள்ளைகளுக்கு உப்பளம் புதிதல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் போனாலே பாத்திகளும் வெள்ளைக் குவியல்களும் கண்ணில் படும். உவமை உடனே பிடிபட்டுவிடும். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை.

ஒரு வருடம், மரக்காணம் பக்கத்திலிருந்து வந்து பாட்டி வீட்டில் தங்கிப் படித்த மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். அவள் அப்பா, அம்மா இருவருமே உப்பளத்தில் வேலை செய்பவர்கள்.

"சார், குகைக்குள்ள வெயில் வருமா? காத்து அடிக்குமா?"

"உள்ளே போகப் போக இரண்டும் இருக்காது."

"அப்போ தண்ணி எப்படி சார் காயும்? வானம் மூடிக்கிட்டாலே பாத்தியில உப்பு வெளையாதே!"

வகுப்பு சிரித்தது. என்னிடம் பதில் இல்லை. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று சமாளித்தேன். அடுத்த வகுப்பில் வேறு பாடத்துக்குப் போய்விட்டேன். இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்தக் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஆந்திராவின் பேலம் குகைக்குப் போனேன். தாடிபத்ரியில் ரயிலை விட்டு இறங்கி, சாலை வழியாகப் போக வேண்டும். மலையேற்றம் எதுவும் கிடையாது. சமவெளியில், வயல்களுக்கு நடுவே, தரையில் கிணறு போல் ஒரு வாய். அதற்குள் படிகள் இறங்குகின்றன. இதுவரை அளக்கப்பட்ட நீளம் 3,229 மீட்டர். ஆழமான இடமான பாதாளகங்கை சுமார் 46 மீட்டர் கீழே இருக்கிறது. இந்தக் குகையைப் பற்றி 1884-இல் குறிப்பு எழுதியவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863-இல் சென்னை பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே புவியியலாளர்தான். வரலாற்றுப் பாடத்தில் வரும் பெயர் புவியியல் பாடத்திலும் வருவதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம். ஜெர்மானியக் குழு ஒன்று 1982, 1983-இல் முறையாக அளந்தது. 2002-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

உள்ளே அரை மணி நேரம் நடந்திருப்பேன். சட்டை முழுக்க நனைந்துவிட்டது. துடைக்கத் துடைக்க வியர்வை வழிந்ததே தவிர, ஒரு சொட்டுகூடக் காயவில்லை. அங்கேதான் அந்தப் பெண்ணின் கேள்வி சுரீரென்று உறைத்தது. குகையின் ஆழத்தில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 100 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். என் வியர்வையே காயாத இடத்தில் கூரை நீர் எப்படிக் காயும்? அவள் கேட்டது சரி. நான் நடத்தியது தவறு.

நடப்பது இதுதான். மழைநீர் காற்றிலிருந்து சிறிதளவும், மண்ணுக்குள்ளிருந்து நிறையவும் கார்பன் டைஆக்சைடை வாங்கிக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கி, கால்சியம் கார்பனேட்டைக் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறது. குகை உருவாவது இப்படித்தான். பிறகு அதே நீர் குகையின் வெற்றிடத்துக்கு வந்து கூரையில் தொங்கும்போது, அங்குள்ள காற்றில் கார்பன் டைஆக்சைடு மண்ணுக்குள் இருந்ததைவிடக் குறைவு. கோலி சோடாவைத் திறந்ததும் வாயு வெளியேறுமே, அதுபோல நீரிலிருந்து வாயு வெளியேறுகிறது. வாயு போனபின் சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருக்க நீரால் முடியாது, அது படிகிறது. நீர் அப்படியே இருக்கிறது, வாயுதான் போகிறது. காற்றோட்டமுள்ள குகை வாயிலருகே ஆவியாதலும் ஓரளவு சேர்ந்துகொள்ளும், அவ்வளவே. வளர்ச்சியும் மிக மெதுவானது, ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒரு சாண் விழுதுக்கு ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் வேண்டும்.

இதை வகுப்பறையிலேயே காட்டலாம். தெளிந்த சுண்ணாம்பு நீரில் கார்பன் டைஆக்சைடைச் செலுத்தினால் பால்போல் மாறும். நாம் வழக்கமாக அங்கேயே நிறுத்திவிடுகிறோம். நிறுத்தாமல் தொடர்ந்து செலுத்துங்கள். பால் நிறம் மறைந்து மீண்டும் தெளியும். அது குகை குடையப்படும் கட்டம். அந்தத் தெளிந்த நீரைச் சூடாக்கினால் வாயு வெளியேறி மறுபடி கலங்கும். அது கல்விழுது. வாயால் ஊதினால் தெளிவதற்கு வெகுநேரம் ஆகும். பிள்ளை சுண்ணாம்பு நீரை உறிஞ்சிவிடும் அபாயமும் உண்டு. வினிகரில் சமையல் சோடாவைப் போட்டு, வரும் வாயுவைக் குழாய் வழியே விடுவது நல்லது. சுண்ணாம்பு நீரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக்கொண்டால் விரைவில் தெளியும்.

பெரிய கல்விழுதுகளைப் பார்க்க வேண்டுமென்றால் விசாகப்பட்டினத்திலிருந்து அரக்கு போகும் ரயில் பாதையில் உள்ள போரா குகைதான் சரி. அதை 1807-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அலுவலர் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அந்தத் துறையே 1851-இல்தான் தொடங்கப்பட்டது! உயர்வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டு ஆண்டுகளையும் கொடுத்து, என்ன கோளாறு என்று கேட்டுப் பாருங்கள்.

மேகாலயாவின் மாம்லூ குகையில் கிடைத்த ஒரு கல்புற்று உலகப் புகழே பெற்றுவிட்டது. அதன் அடுக்குகளில் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை பலவீனமடைந்த தடயம் இருக்கிறது. அதை வைத்தே, அன்றுமுதல் இன்றுவரையான புவியியல் காலத்துக்கு 2018-இல் மேகாலயன் காலம் என்று பெயரிட்டார்கள்.

நம் ஊரில் ஏன் குகை இல்லை என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். இடையஞ்சாவடியின் செம்மண்ணும் அதன் அடியிலுள்ள கடலூர் மணற்கல்லும் பெரும்பாலும் குவார்ட்ஸ் மணல். மழைநீர் அதைச் சுண்ணாம்பைப் போலக் கரைப்பதில்லை, அரித்துக்கொண்டு போகிறது. அதனால் இங்கே கூரையுள்ள குகைக்குப் பதிலாகத் திறந்த ஓடைப்பள்ளங்கள்தான் கிடைக்கின்றன. ஆனால் மணற்கல்லில் குகையே வராது என்று சொல்லிவிடாதீர்கள். மேகாலயாவில் 24 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள கிரெம் பூரி குகை மணற்கல்லில்தான் இருக்கிறது.

அந்த மாணவியிடம் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் நடந்ததைச் சொன்னேன். வகுப்பு முன்னாலேயே சொன்னேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். "உப்புலயே குகை இருக்கா சார்?"

இந்தமுறை படித்துவிட்டுப் போயிருந்தேன். போலந்தின் வியலிச்காவில் 13-ஆம் நூற்றாண்டு முதல் பாறை உப்பை வெட்டி எடுத்த சுரங்கம், 327 மீட்டர் ஆழத்துக்கு ஒன்பது தளங்களாக இறங்குகிறது. தரைக்கு 101 மீட்டர் கீழே, உப்பிலேயே செதுக்கிய தேவாலயம் இருக்கிறது. ஆனால் அது மனிதர் வெட்டியது. இயற்கையான உப்புக் குகை இஸ்ரேலில், சாக்கடல் ஓரத்து சோதோம் மலையில் உண்டு. மல்ஹாம் என்று பெயர், நீளம் 10 கிலோமீட்டர்.

"மழை பேஞ்சா கரைஞ்சிடாதா?" என்று கேட்டாள். அது பாலைவனம் என்றேன்.

"அதான பாத்தேன்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.